மேல்வளைவில் எடுத்த தண்ணீர்

பைகளை ஆற்றில் மிதக்கவிட்டு வெப்பமானியை வைத்துப் பார்த்தோம். பைக்குள் இருபத்தாறு, ஆற்றில் இருபத்திரண்டு. இரண்டும் ஒன்றாகும்வரை பையைப் பிரிக்கக் கூடாது, மீன் தாங்காது. எப்படியும் அரை மணி நேரம் ஆகும். பதின்மூன்று பைகள், பைக்கு இருபத்து நான்கு, ஆக முந்நூற்றுப் பன்னிரண்டு மீன்கள். இந்த இனத்தில் மிச்சம் இருப்பவை இவ்வளவுதான். அந்த அரை மணிக்குள் நான் வாயைத் திறந்தாக வேண்டும். நான்கு நாட்களாகத் திறக்காத வாய்.

மீட்புத் திட்டத்துக்காக ஒரு வருடம் கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டுப் பேசியிருந்தோம். மீன்களை வளர்த்த தொட்டிகளுக்குத் தண்ணீர் கொடுத்த ஆழ்துளைக் கிணறு வற்றிக்கொண்டு வந்தது. கோடைக்கு முன் எல்லாவற்றையும் ஆற்றில் விட்டுவிட வேண்டும். எங்கே என்பதில்தான் அடிதடி. தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் கீழ்மடு என்றார். ஆழம் குறைவு, ஆனால் வேறு மீன்கள் பிழைத்துக் கிடக்கும் இடம். திட்டத் தலைவி மேடத்துக்கு மேல்வளைவின் மேல் ஆசை. நல்ல ஆழம், நல்ல நிழல். அங்கே இருபது வருடங்களுக்கு முன் இந்த மீன் ஒரே பருவத்தில் காணாமல் போனது, ஏன் என்று யாருக்கும் தெரியாது. "அந்த இடத்தை நினைச்சாலே எனக்கு வயித்தக் கலக்குது" என்று அண்ணன் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம்.

தீர்த்துவைத்தது என் புட்டி. மீன் வாழும் தண்ணீரில் அதன் சளியும் செதில் துணுக்கும் கலந்திருக்கும். ஒரு புட்டித் தண்ணீர் போதும், அங்கே எந்த மீன் இருக்கிறது என்று ஆய்வகத்தில் சொல்லிவிடுவார்கள். மேல்வளைவில் நான் எடுத்த தண்ணீரில் இந்த மீனின் தடயம் இருந்தது. அங்கே இன்னும் சில பிழைத்திருக்கின்றன என்று அர்த்தம். மேடம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "எட்டு மாசமா மீனோட குடித்தனம் நடத்தினதுக்குப் பலன் கிடைச்சிடுச்சு" என்று என் வீட்டுக்காரர் வாசலிலேயே கைதட்டினார். வரைபடத்தில் கீழ்மடுவில் இருந்த ஊசியைப் பிடுங்கி மேல்வளைவில் குத்தினார்கள்.

நான்கு நாட்களுக்கு முன் வண்டியைச் சுத்தம் செய்தபோது பின் இருக்கைக்கு அடியில் பிளீச்சிங் பவுடர் டப்பா கிடைத்தது. புட்டியில் தண்ணீர் எடுக்கப் போன பயணத்துக்கென்றே வாங்கியது. ஓர் ஆற்றில் இறங்குமுன், வேறு இடத்துத் தடயம் ஒட்டிவராதபடி பூட்ஸை அதில் கழுவியாக வேண்டும். டப்பாவின் சீல் பிரிக்கப்படவே இல்லை. படிவத்தில் 'காலணி கழுவப்பட்டது' என்ற கட்டத்தில் என் டிக் இருந்தது. வழக்கம்போல எல்லாக் கட்டத்துக்கும் ஒரே இழுப்பில் போட்டிருந்தேன். அந்தப் பயணத்துக்கு முந்தைய நாள் அதே பூட்ஸோடுதான் மீன் தொட்டி கழுவினேன். டப்பாவை மறுபடி இருக்கைக்கு அடியிலேயே தள்ளினேன். ஒருவேளை அங்கே நிஜமாகவே மீன் இருக்கலாம், ஒருவேளை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நான்கு நாளை ஓட்டினேன். பயம்தான், வேறு என்ன.

இப்போது முழங்கால் ஆழத்தில் குனிந்து ஒரு கல்லைப் புரட்டினேன். ஆற்றுக் கல்லின் அடியில் புழுவோ பூச்சியோ நத்தையோ ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றும் இல்லை. இன்னொன்று, இன்னொன்று. பாசியின் வழவழப்புகூட இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போலச் சுத்தமாக இருந்தன. ஒரு கொக்கு இல்லை, தவளைச் சத்தம் இல்லை.

"தண்ணி எவ்ளோ தெளிவா இருக்கு பாத்தியா?" என்றார் மேடம்.

"மேடம், அன்னைக்கு நான் பூட்ஸக் கழுவல."

"என்னைக்கு?"

"புட்டியில தண்ணி எடுத்த அன்னைக்கு. தொட்டி ஈரத்தோட அப்படியே இங்க இறங்கிட்டேன். அதுல இருந்தது நம்ம தொட்டி மீனோட சளியாத்தான் இருக்கணும்."

மேடம் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அண்ணன் ஒரு பையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "எப்போ தெரியும் உனக்கு?"

"நாலு நாளாச்சு."

"காலைல கிளம்பும்போது சொல்லியிருந்தாக்கூட வண்டியக் கீழ்மடுவுக்கு விட்டிருப்பேனேம்மா." அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பையில ஆக்ஸிஜன் எவ்ளோ நேரம் தாங்கும்?" என்று மேடம் கேட்டார்.

"ரெண்டு மணி நேரம். இழுத்துப் பிடிச்சா மூணு."

"கீழ்மடுவுக்கு?"

"எட்டு. தொட்டிக்கே திரும்பினாலும் அஞ்சு."

அண்ணன் வெப்பமானியைப் பார்த்தார். இருபத்திரண்டு, இருபத்திரண்டு. ரப்பர் வளையத்தை அவிழ்த்து, முதல் பையை மெதுவாகச் சாய்த்தார். பிறகு அடுத்தது. நானும் போய்ப் பிடித்தேன். அவர் தடுக்கவில்லை. பதின்மூன்றாவது பையையும் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தோம்.

ஆற்று மீன் எதுவானாலும் ஓடிவரும் நீருக்கு முகம் கொடுத்துத்தான் நிற்கும். ஆழம் கண்டால் அம்பாய்ப் பாயும். இவை பாயவில்லை. ஓரத்தில், விரற்கடை ஆழத்தில், ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, முந்நூற்றுப் பன்னிரண்டும் ஆற்றுக்கு வாலைக் காட்டியபடி கரையைப் பார்த்து நின்றன.