தலையில்லாத தொப்பிகள்

"அண்ணி, அண்ணன் செத்து நாப்பதாம் நாளும் முடிஞ்சிருச்சு. அண்ணன் தொப்பிய எங்கிட்ட குடுத்துடுங்க," என்றான் சாதுல்லோ, ரொட்டியைத் தேநீரில் முக்கியபடி.

ஆணியில் தொங்கிய தொப்பியைப் பார்த்தாள் சவ்ரி. கொழுந்தன் கேட்டது தொப்பியை அல்ல, தண்ணீரை. அந்த ஊரில் முறைத் தண்ணீருக்கு ஆண்களின் தொப்பிகள்தான் வாய்க்கால் கரையில் வரிசை பிடிக்கும். இரண்டு தொப்பி என்றால் அவனுக்கு இரண்டு முறை. விதவைக்கு ஏது தொப்பி? மலையில் பனி குறைந்து, எட்டு நாளுக்கு ஒருமுறை வந்த தண்ணீர் இப்போது இருபது நாளுக்கு ஒருமுறைதான். இதைத் தவறவிட்டால் அவளுடைய அறுபது ஆப்ரிகாட் மரங்களும் பிஞ்சை உதிர்த்துவிடும்.

"நானே கொண்டாந்து வெக்கிறேன்," என்றாள்.

கரையில் பதினொரு தொப்பிகள் இருந்தன. பன்னிரண்டாவதாக அவள் வைத்ததும், செத்தவன் தொப்பிக்குத் தண்ணீர் கிடையாது, தலை இருந்தால்தான் முறை என்று தண்ணீர் பங்கிட்டுவிடும் நீர்கட்டி ஹோஷிமிடம் நியாயம் பேசினான் சாதுல்லோ. வழக்கம்னு ஒண்ணு இருக்கேம்மா என்று அவரும் இழுத்தார்.

அழுகை வரவேண்டிய இடத்தில் சவ்ரிக்குச் சிரிப்பு வந்தது.

"சரிங்க பெரியப்பா. தலை இருக்கற தொப்பிய மட்டும் விட்டுட்டு மத்ததையெல்லாம் எடுத்துடுங்க."

எல்லார் கண்ணும் தொப்பி வரிசைமேல் போனது. முதல் தொப்பியின் தலை மாஸ்கோவில் சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தது. அடுத்தது சைபீரியாவில் லாரி ஓட்டியது. தண்ணீர் வற்ற வற்ற, சாதுல்லோவையும் கிழவர் ஹோஷிமையும் தவிர ஆண்கள் எல்லாரும் ரயிலேறிவிட்டார்கள். தொப்பி வைக்க வந்ததும் பெண்டாட்டிகள், மண்வெட்டி பிடிப்பதும் அவர்களே. ஊருக்கே தெரிந்ததை ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நல்ல வழக்கம்தான்!

அடுத்த வீட்டு ஸுலைஹோ குனிந்து, புருஷன் தொப்பியை எடுத்துத் தன் தலைத்துணிமேல் கவிழ்த்துக்கொண்டாள். "இப்ப தலை இருக்கு. பாத்துக்கங்க."

ஒருத்தி பின் ஒருத்தியாகப் பத்துப் பேரும் போட்டுக்கொண்டார்கள். சிலருக்குக் கண்ணையே மறைத்தது. கரையே சிரித்தது, ஹோஷிமின் தாடியும் குலுங்கியது. சவ்ரி கடைசியாகப் போட்டாள். தொப்பியில் புருஷனின் வியர்வை வாசம் இன்னும் இருந்தது. அதற்கு மட்டும் கொஞ்சம் கண் கலங்கினாள். பொழுது சாயுமுன் அவள் மரங்களுக்கும் மடை திறந்தது.

அடுத்த முறைக்குக் கரையில் பூப்போட்ட தலைத்துணிகள் பதினொன்று, காற்றில் பறக்காமல் ஆளுக்கொரு கல் சுமந்து கிடந்தன. கடைசியில் ஒற்றைத் தொப்பி, சாதுல்லோவுடையது. இதைச் சேர்க்கலாமா என்று ஹோஷிம் கேட்டார். சவ்ரி யோசிப்பதுபோல் பாவனை செய்தாள்.

"இருந்துட்டுப் போகட்டும் பெரியப்பா. எங்க வழக்கத்துல தொப்பிக்கும் தண்ணி உண்டு."