உடனே அழித்துவிடவும்

சம்சுன் நிஹாரின் ஏழு வருசத்துக் கடிதங்களை ஒழித்துக்கட்டியது எந்தத் திருடனும் இல்லை. திருட்டு மெயிலை மோப்பத்திலேயே கண்டுபிடிப்பவர் என்று கட்டுமாவடி முழுக்கப் பெயரெடுத்த சிவசாமிதான். அதையும் சிரித்துக்கொண்டே, ஆறு பேர் பார்க்க, ஒரே விரலால் செய்தார்.

அன்றைக்கு மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கு மனுப் போட அவருடைய கம்ப்யூட்டர் கடையில் கூட்டம். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மோசடி மெயில்களைப் பற்றிப் பேசி, பச்சைப் பொன்னாடை ஒன்றும் வாங்கி வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அதைத் தூசுக்காகப் பிரிண்டர் மேல் போட்டிருந்தார். அதாவது, வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று போட்டிருந்தார். சம்சுன் நிஹார் கூட்டத்தை விலக்கி வந்து செல்போனை நீட்டினாள். திருச்சி ஹாஸ்டலுக்குப் போகுமுன் மகள் ஆஃப்ரீன் பழைய மெயிலோடு இணைத்துப் போட்டுக்கொடுத்த புது மெயிலுக்கு ஒன்று வந்திருந்தது. உங்கள் பழைய கணக்கு இரண்டு வருடத்துக்கு மேல் திறக்கப்படவில்லை, இந்தத் தேதிக்குள் திறக்காவிட்டால் அதிலுள்ளதெல்லாம் அழிக்கப்படும் என்று இங்கிலீஷில் சொன்னது.

சிவசாமி செல்போனைக் கூட்டத்துக்கு உயர்த்திக் காட்டினார். கெடு வைக்கிறான், மெரட்டுறான், கீழே ஒரு லிங்கைத் தொடச் சொல்றான். மூணும் இருந்தா முழுத்திருட்டு என்றார். பள்ளிக்கூடத்தில் கைதட்டு வாங்கிய வரி அது. எதுக்கும் ஒருதடவ உள்ள போய்ப் பாத்துருவமாண்ணே என்று அவள் கேட்டாள். சரியான கேள்வி. சந்தேகம் வந்தால் மெயிலில் உள்ள லிங்கைத் தொடாமல், தனியாகக் கணக்குக்குள் போய்ப் பார்க்கவேண்டும் என்று பிள்ளைகளுக்கு அவரே சொல்லியிருந்தார். ஆனால் அவளுக்குத் தான் போட்டுக்கொடுத்த பழைய பாஸ்வேர்டு அவருக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. ஆறு பேர் வேறு வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதுக்குப் போயி பயப்படுறியே தங்கச்சி என்று சிரித்து, மெயிலை அழித்து, போனைக் கையில் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து அவள் புருசன் ராஜா முகமது இறந்த மூன்றாம் வருசத்து ஃபாத்திஹா வந்தது. ஊருக்கு வந்திருந்த ஆஃப்ரீன், அத்தா எழுதியதை வாசிக்கலாமென்று பழைய கணக்கைத் திறந்தாள். அப்படியொரு கணக்கே இல்லை என்று வந்தது.

ராஜா முகமது சிவசாமிக்குக் கூட்டாளி. மாப்ள, மாப்ள என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்தவர்கள். கல்யாணமாகி மூன்றாம் மாதம் அவன் சவுதியிலுள்ள தம்மாமுக்கு விமானம் ஏறியபோது, சிவசாமி கடை போட்டு ஒரு வருசம். நாலு கம்ப்யூட்டர், நடுவில் பிளைவுட் தடுப்பு, மணிக்கு இருபது ரூபாய். வெளிநாடு போன சபுராளி வீட்டுப் பெண்கள் வியாழக்கிழமை சாயங்காலம் வருவார்கள். வெள்ளிக்கிழமை அங்கே புருசன்மாருக்கு லீவு. அவர்கள் சொல்லச் சொல்ல, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவார் சிவசாமி. அந்நிய ஆம்பிளை முன்னால் எந்தப் பெண் மனசைத் திறப்பாள்? சம்சுன் நிஹார் இரண்டே வரிதான். நல்லாருக்கேன். ஒடம்பப் பாத்துக்கங்க. அதைச் சொல்வதற்குள் முக்காட்டு நுனியை நாலு தடவை முறுக்கிவிடுவாள். பாலைவனத்தில் உட்கார்ந்து இந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு மாப்ள என்ன செய்வான் என்று சிவசாமிக்குப் பாவமாக இருக்கும். அவள் படியிறங்கியதும் கீழே நாலு வரி சேர்த்து அனுப்புவார். மழை பெய்தது, மண் வாசனைக்கு உங்கள் ஞாபகம் வந்தது, இந்த மாதிரி. தன் பெண்டாட்டிக்கு வாழ்நாளில் அப்படி ஒரு வரி எழுதியிராத மனுசன்.

பதில் வந்தால் ஆரம்பத்தில் அவர்தான் வாசித்துக் காட்டினார். ஆறே மாதத்தில் அவள் இங்கிலீஷ் எழுத்தைக் கற்றுக்கொண்டாள். டைப் அடிக்கத்தான் கை வரவில்லை. அதன்பிறகு அவள் வாசிக்கும்போது அவர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். சிலநேரம் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து மெதுவாய் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கும். எதற்குச் சிரித்தாள் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

கணக்கை மீட்க அவர் அனுப்பிய மனுக்களுக்கெல்லாம் ஒரே பதில் வந்தது: முடியாது. ராஜா முகமதின் கணக்கும் அதேபோல ஏற்கெனவே அழிந்துபோயிருந்தது. நாலு தடவை அவள் வீட்டுப் படியேறி மன்னிப்புக் கேட்டார். நாலு தடவையும் பரவாயில்லண்ணே என்றாள். அந்தப் பரவாயில்லை அவரைத் தூங்கவிடவில்லை. கடைசியில் ஒரு யோசனை வந்தது. அவள் அனுப்பியவைதான் தனக்கு மனப்பாடமாயிற்றே; பாதி தன் சரக்குதானே. உட்கார்ந்து இருபத்திரண்டு பக்கம் தட்டி, ஸ்பைரல் போட்டு, ஒரு மத்தியானம் அவளைக் கடைக்கு வரச்சொல்லி, டீயும் வாங்கி வைத்துக் கையில் கொடுத்தார்.

அவள் நிதானமாகப் புரட்டினாள். பாதியில் மூடினாள்.

"முருங்கை பூத்துருச்சுன்னு எழுதிருக்கீக. அப்ப எங்க வீட்ல ஏதுண்ணே முருங்கை?"

 நான் சேர்த்து எழுதுனது ஒனக்குத் தெரியுமா என்று சிவசாமி இழுத்தார்.

"அவுக மொத லீவுக்கு வந்தப்பவே தெரியும். வந்ததும் கொல்லைக்குப் போயி நின்னாக. எங்கடி முருங்கைன்னாக. நான் முழிச்சேன். சிரிச்சுட்டு, சாயந்தரமே மணமேல்குடி போயி ஒரு முருங்கைப் போத்து வாங்கியாந்து ஊண்டுனாக. மொத ரெண்டு வரி நீயி, மிச்சமெல்லாம் சிவசாமின்னு சொல்லுவாக. பதில் எழுதையில எனக்குத் தனியா எழுதிட்டு, கீழ ஒங்களுக்கும் ரெண்டு வரி கேலியா எழுதுவாக. நீங்கதான் அங்கிட்டுத் திரும்பி ஒக்காந்துக்கிருவீகளே. நான் காட்டல."

ஏழு வருசமும் மாப்ள தனக்கு எழுதியிருக்கிறான்.  மனசு கலங்கினால் சிவசாமிக்கு ஜோக்குத்தான் வரும். அப்ப நான் அழிச்சதுல என் லெட்டரும் போச்சா, ரெண்டு பேருக்கும் சமமான நட்டம், இனி கோவம் இல்லேல்ல தங்கச்சி என்று சிரித்து வைத்தார்.

அவள் சிரிக்கவில்லை.

"கோவந்தாண்ணே. நீங்க எழுதுனது ஒங்க மண்டையில இருக்கு, திருப்பி எழுதிட்டீக. அவுக எழுதுனது எங்கயும் இல்ல. உள்ள போயிப் பாப்பம்னு நான் கேட்டேன். நீங்க அத்தன பேரு முன்னால சிரிச்சீக. இன்னும் ஆறல எனக்கு. எப்ப ஆறும்னும் தெரியல."

சிவசாமி சரிம்மா என்றார்.  அவள் எழுந்துபோகவில்லை. பேச்சில் மறந்துபோன டீயில் ஆடை கட்டியிருந்தது. அதை ஒரு விரலால் ஓரமாக ஒதுக்கிவிட்டு, ரோட்டைப் பார்த்தபடி குடிக்க ஆரம்பித்தாள்.