குதிரில் இடமில்லை

மூட்டை கட்டியாகிவிட்டது. இரண்டு சேலை, பிள்ளைகளின் துணி, ஒரு பித்தளைச் சொம்பு. வேம்பு அதைத் தரையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். மன்னார்குடி பஸ் பதினோரு மணிக்கு. ஆற்றுப்பாலம் அரை மணி நடை. நேரம் இருந்தது. கால்தான் எழவில்லை.

அக்காள் அம்சம் அதிராம்பட்டினத்தில் உப்பளத்து வேலைக்குப் போகிறாள். தை மாதம் வந்தபோது, "வந்துடுடி, ரெண்டு கை இருக்குல்ல, பொழச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இப்போது வைகாசி. நாலு மாதமாக வேம்பு மனசுக்குள் தினமும் பஸ் ஏறிக்கொண்டிருந்தாள்.

புருஷன் அரசப்பன் திருச்சி ஜெயிலில் இருந்தான். குடியிருக்கும் மனைக்குப் பட்டா கேட்டுத் தாலுகா ஆபீஸ் முன்னால் மறியல் செய்ததற்குப் பதினைந்து நாள். நாளைக்கு விடுகிறார்கள். போனால் இன்றைக்குப் போக வேண்டும்.

அவனைப் பற்றி அந்தத் தெருவில் யாரிடமும் வாய் திறக்க முடியாது. மூன்று வருஷத்துக்கு முன் கூலித் தகராறில் பண்ணையாரின் அடியாட்கள் மண்ணெண்ணெய் டின்னோடு வந்தபோது மதகடியில் தனியாளாக அரிவாளோடு நின்றவன் அவன். அன்றைக்கு அவன் நின்றதால்தான் தெருவில் கூரைகள் நிற்கின்றன. பக்கத்து வீட்டு ரெங்கம்மாள் சொல்வாள்: "பண்ணை முன்னால தோள்ல துண்டோட நின்ன மொத ஆம்பள ஒம் புருஷன்டி. ரெண்டு அடி வாங்குனா தேஞ்சா போயிடுவ?" வேம்புக்கும் அது நியாயம் போலத்தான் படும். அடி விழும்போது நியாயமாகப் படாது. வீக்கம் வடிந்ததும் மறுபடி நியாயமாகப் படும். எது சரி என்று அவளுக்குத் தெளிந்ததே இல்லை.

பிள்ளைகளை அவன் அடித்ததில்லை. அதுவும் அவளைக் குழப்பியது.

வீட்டு மூலையில் இடுப்பளவு மண்குதிர் ஒன்று இருக்கிறது. அறுப்புக் கூலி நெல் வந்தால் இரண்டு மாதம் நிறைந்திருக்கும். மற்ற மாதங்களில் காலி. வாசலில் அவன் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தத்தை வைத்தே மகள் கண்ணாத்தாளுக்கு அன்றைய நிலவரம் தெரிந்துவிடும். அவளுக்கு ஒன்பது வயது. தம்பியைத் தூக்கிக் குதிருக்குள் இறக்கி, "காதப் பொத்திக்கிட்டு நூறு வரைக்கும் எண்ணு" என்பாள். சிங்காரவேலுவுக்கு நாலு வயது. இருபதுக்கு மேல் தெரியாது. ஐந்து தடவை இருபது எண்ணுவான்.

போன மாதம் ஒரு மத்தியானம் வாசலில் யாரோ சைக்கிளை நிறுத்தினார்கள். தபால்காரர். சிங்காரவேலு சோற்றுக் கையோடு எழுந்து போய்த் தானாகவே குதிருக்குள் ஏறிக்கொண்டான். வேம்புக்கு அன்றைக்குத்தான் போயே தீரவேண்டும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியும் ஒரு மாதம் ஆகிவிட்டது.

"அடியே வேம்பு! மனை எழுத வந்துட்டாங்கடி!" ரெங்கம்மாள் வெளியே கத்தினாள். "வூட்ல ஆளு இல்லன்னா விட்டுட்டுப் போயிடுவாங்களாம். சீக்கிரம் வா."

வேம்பு மூட்டையைப் பார்த்தாள். யார் கண்ணிலாவது பட்டால் வம்பு. தூக்கிக் குதிருக்குள் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

வெளியூர்க்காரரான இளவயது ஆர்.ஐ. ஒருவர் குடை பிடித்திருந்தார். கர்ணம் பஞ்சநதம் நோட்டும் கையுமாக நின்றார். தலையாரி சங்கிலியை இழுத்து அளந்தான். வீட்டுக்கு வீடு ஒரே கேள்வி. எத்தனை வருஷமாகக் குடியிருக்கிறீர்கள், யார் பெயரில் எழுத வேண்டும்.

"சொல்லும்மா, பேரு?" என்றார் ஆர்.ஐ.

வேம்பு மகளைத் தோளில் தட்டினாள். "சொல்லுடி."

புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும். பத்து வருஷத்தில் ஒரு தடவையும் அவள் சொன்னதில்லை. வாய்க்கால் கரையில் நிற்கும் அரசமரத்தைக்கூடப் பிள்ளையார் மரம் என்றுதான் சொல்வாள். ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, எங்கே போனாலும் கண்ணாத்தாள்தான் சொல்வாள். பேச்சு வந்த நாளிலிருந்து அது அவள் வேலை.

கண்ணாத்தாள் கர்ணத்தைப் பார்த்தாள். ஆர்.ஐ.யைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "வேம்பு."

"அது ஒங்காத்தா பேருடி" என்றார் பஞ்சநதம். "அப்பன் பேரக் கேக்குறாரு."

"இந்த வூட்ல நாங்க மூணு பேருதான் இருக்கோம். எங்கம்மா பேரு வேம்பு."

பஞ்சநதத்தின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போயிற்று. பண்ணைக்கு வேண்டப்பட்டவர். அரசப்பன் தாலுகா ஆபீஸ் வாசலில் அவர் பெயரைச் சொல்லி ஒழிக போட்டவன். "சரிதான் சார்" என்றார் ஆர்.ஐ.யிடம். "குழந்தை பொய் சொல்லாது. வேம்புன்னே எழுதிக்குங்க."

வேம்பு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இல்லீங்க, அவங்க வெளியூரு போயிருக்காங்க என்று சொன்னால் போதும். அதற்குப் பெயர்கூடத் தேவையில்லை. பெயரைச் சொல்ல ரெங்கம்மாளைக் கைகாட்டியிருக்கலாம். மரியாதைக்கு வாயடைத்து நின்றாளா, வேறு எதற்காகவாவது நின்றாளா என்று பின்னால் எத்தனையோ தடவை யோசித்தாள். தெரியவில்லை. கட்டைவிரலைப் பிடித்து மையில் அமுக்கி நோட்டில் வைத்தார்கள். நிமிர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பஸ் போய்விட்டது.

"ஏன்டி அப்படிச் சொன்ன?" என்றாள் உள்ளே வந்து.

"நீதானம்மா சொல்லச் சொன்ன" என்றாள் கண்ணாத்தாள்.

மறுநாள் சாயங்காலம் அரசப்பன் வந்தான். தப்பு முழங்கியது. கழுத்தில் செவ்வந்தி மாலை. சங்கத் தலைவர் இராஜாங்கம் முன்னால் நடந்து வந்தார். பிள்ளைகளுக்கு ரொட்டிப் பொட்டலம் வாங்கி வந்திருந்தான். சிங்காரவேலுவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டான். இளைத்திருந்தான். பார்க்கும்போது வேம்புக்கு நெஞ்சு இளகியது. இவனை விட்டா போகப் பார்த்தோம்?

"தோழரே, நீங்க ஜெயிலுக்குப் போனீங்க, மனைய ஒங்க வூட்டுக்காரி பேருல எழுதியிருக்காங்க" என்றான் ஒருவன்.

"கர்ணம் பண்ணுன வேல" என்றாள் ரெங்கம்மாள். "இவளும் வாயில கொழுக்கட்டையை வச்சுக்கிட்டு நின்னா."

தெரு ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தது. அரசப்பன் சிரித்தான். "அவ பேருல இருந்தா என்ன? பொம்பளைக்கும் சொத்துல பங்குன்னு நாமதான பேசுறோம்?" எல்லோரும் சிரித்தார்கள். யாரோ கை தட்டினார்கள். வேம்பும் சிரித்தாள். உண்மையாகவே சொல்கிறான் என்றுதான் அப்போது நினைத்தாள். அந்தச் சமயத்தில் உண்மையாகத்தான் சொன்னானோ என்னவோ.

உள்ளே வந்து மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். படலை இழுத்துச் சாத்தினான்.

கண்ணாத்தாள் தம்பியைத் தூக்கினாள். குதிர் வாயில் காலை விட்டவன் அப்படியே நின்றான்.

"அக்கா, உள்ள மூட்ட இருக்கு. எடமில்ல."

அரசப்பன் திரும்பினான். குதிருக்குள் கையை விட்டு மூட்டையை வெளியே எடுத்தான். முடிச்சை அவிழ்க்கவில்லை. கையில் தூக்கிப் பார்த்தான், நாற்று முடியைத் தூக்கிப் பார்ப்பதுபோல.

"எங்கடி கெளம்புன?"

"இல்லீங்க..."

"வூட்ட எழுதி வாங்கிக்கிட்டு, எங்க கெளம்புன?"

கையில் கிடைத்தது நெல் புடைக்கும் சொளகு. அதன் விளிம்பு புருவத்தில் பட்டது. அடுத்தது தோளில். வேம்பு சத்தம் போடவில்லை. வழக்கமாகவே போடமாட்டாள். பையன் எண்ணும் சத்தம் கேட்காதது மட்டும் புதிதாக இருந்தது. எங்கே அவன் என்று தேடினாள். சிங்காரவேலு குதிரை ஒட்டி நின்றிருந்தான். காதைப் பொத்தவில்லை. ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். இதுவரை அவன் கேட்டதோடு சரி. பார்த்ததில்லை.

வேம்பு படலைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

தெரு இன்னும் கலையவில்லை. இராஜாங்கம் டீ கிளாசோடு நின்றிருந்தார். தப்படித்தவர்கள் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். புருவத்து ரத்தம் கண்ணில் இறங்கியதால் அவளுக்கு யாரும் சரியாகத் தெரியவில்லை.

"என்னம்மா இது? யாரு பண்ணுனா?" என்றார் இராஜாங்கம். அவருக்குத் தெரியாதது இல்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதுபோல் கேட்டார்.

கண்ணாத்தாள் பின்னாலேயே வந்து சேலையைப் பிடித்திருந்தாள். பெயர் சொல்லும் இடம் வந்துவிட்டது என்று வாயைத் திறந்தாள். வேம்பு அவள் வாயைப் பொத்தினாள்.

"அரசப்பன்" என்றாள்.

ரெங்கம்மாள் மார்பில் கையை வைத்தாள். "அடிப் பாவி!"

"அரசப்பன் அடிச்சாரு அண்ணே. பத்து வருசமா அடிக்கிறாரு."

அடித்தது யாரையும் அதிரவைக்கவில்லை. பெயர் அதிரவைத்தது. வாசலுக்கு வந்த அரசப்பனும் அதைக் கேட்டான். மதகடியில் அரிவாளோடு நின்றபோதுகூட அப்படி முகம் வெளுத்ததில்லை என்று பிறகு சொன்னார்கள். கையில் இன்னும் சொளகு இருந்தது.

இராஜாங்கம் டீயைக் கீழே வைத்தார். "தோழரே, இன்னைக்குச் சங்கக் கொட்டாயில படுங்க. காலையில பேசிக்குவோம்."

காலையில் என்ன பேசுவார்கள் என்று வேம்புக்குத் தெரியும். அவனை அழைத்து வந்து விடுவார்கள். இனிமே இப்படி நடக்காது என்று இராஜாங்கமே பொறுப்பேற்பார். அவளும் சரி என்பாள். அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது, அவனைவிட.

விடிந்ததும் மூட்டையை எடுத்தாள். அது அவிழ்க்கப்படாமலே கிடந்தது. படலைக் கயிற்றால் கட்டினாள். இராஜாங்கம் வீட்டு வாசலில் நின்று, "பட்டா வந்தா நீங்க வாங்கிடாதீங்க அண்ணே. ரேகை என்னுது. நான் வந்து வாங்கிக்கிறேன்" என்றாள்.

"வூடு ஒன்னதுங்கிற. அப்புறம் ஏம்மா நீ போற?"

"புள்ளைங்க பாத்துட்டுதுங்க" என்று மட்டும் சொன்னாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் சிங்காரவேலு. "பதினெட்டு, பத்தொம்பது" என்று புளியமரங்களை எண்ணிக்கொண்டு வந்தான். இருபதில் நின்றான்.

"இருவத்தொண்ணு" என்றாள் கண்ணாத்தாள். "சொல்லு."

பஸ் டீக்கடையைத் தாண்டியது. பெஞ்சில் அரசப்பன் உட்கார்ந்து டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தான். துண்டு தோளில். வேம்பு எட்டி எட்டிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தான். பெயரைச் சொல்லியும் ஒன்றும் ஆகவில்லை.

அது நிம்மதியா, ஏமாற்றமா என்று பட்டுக்கோட்டை வரும்வரை அவளுக்குப் பிடிபடவில்லை.