அமைச்சர் கண்ணில் படாத ஏழு மாடி

மதுரையில் திருமங்கலம் சாலையில் இருக்கும் சுபலட்சுமியின் ஏழு மாடி மென்பொருள் நிறுவனம், பதவியில் இருக்கும் அரசியல்வாதிகள் கண்ணுக்கு மட்டும் தெரியாது. ஆடு மேய்ப்பவர்களுக்குத் தெரியும், டவுன் பஸ் கண்டக்டர்களுக்குத் தெரியும், ஆவணி மாதத்து மேகங்கள்கூட அதைச் சுற்றிக்கொண்டுதான் போகும். தலைநகரிலிருந்து வரும் அமைச்சர்கள் மட்டும் கார்க் கண்ணாடியை இறக்கி, "இவ்வளவு எடம் சும்மா கெடக்கே" என்று வருத்தப்பட்டுவிட்டு விமான நிலையத்துக்குப் போய்விடுவார்கள். அந்தச் சும்மா கிடந்த இடத்தில் எண்ணூறு பேர் உட்கார்ந்து, நார்வே நாட்டுத் துறைமுகங்களில் எந்தக் கப்பல் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மழை பெய்தால் வாசலில் முழங்கால் வரை சேறு. மின்சாரம் போனால் நார்வேயில் கப்பல்கள் நடுக்கடலில் நின்றன. அமைச்சர்களிடம் கேட்கப் போனால், காலி இடத்துக்கு எப்படியம்மா ரோடு போடுவது என்றார்கள். நார்வேக்காரர்கள் சலித்துப்போய், சென்னைக்கு மாறினால்தான் இனி வேலை தருவோம் என்றார்கள். எண்ணூறு குடும்பங்களையும் பெயர்த்துக்கொண்டு போக சுபலட்சுமிக்கு மனம் வரவில்லை. நம்ம ஆள் ஒருவர் சட்டசபையில் இருந்தால் கட்டடம் தெரியாமலா போகும் என்று கணக்குப் போட்டு, கணவன் அருள்பாண்டியைத் தேர்தலில் நிறுத்தினாள். அவன் அதே நிறுவனத்துக்கு ஆள் எடுக்கும் வேலை பார்த்தவன். ஒருமுறை பேசியவர் பெயரை மறக்க மாட்டான். சுயேச்சையாகவே ஜெயித்துவிட்டான்.

முடிவு அறிவித்தபோது நாலாவது மாடி கேண்டீனில் வடை தின்றுகொண்டிருந்தான். அந்த நொடியில் தரை மறைந்தது, சுவர் மறைந்தது, எதிரே கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் மறைந்தார்கள். கையில் வடை மட்டும் இருந்தது. வெகு கீழே பொட்டல் மண் தெரிந்தது. ஆகாயத்தில் வேட்டியை இறுக்கிப் பிடித்தபடி நின்றான்.

"அண்ணே, எதுக்குக் கண்ண மூடுறீங்க?" என்று கேட்டது, கூட வேலை பார்க்கும் கோகுல்நாத்தின் குரல்.

"சுபா எங்கப்பா?"

"ஒங்க பக்கத்துலதாங்க நிக்கிறேன்" என்றாள் சுபலட்சுமி. முதலில் குரல் வந்தது, பிறகு கை வந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, தெரியாத படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினான். சாலைக்கு வந்த பிறகுதான் மனைவியின் முகம் தெரிந்தது. அவன் அழுதுவிட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதற்காக அன்று முழுவதும் வருத்தப்பட்டாள்.

சட்டசபையில் அவன் எழுந்து ஏழு மாடியைப் பற்றிச் சொன்னதும், உறுப்பினர் அதைக் கண்ணால் பார்த்தாரா என்று அமைச்சர் கேட்டார். பொய் சொல்ல வராத அருள்பாண்டி, "போன மாசம் வரைக்கும் பாத்தேங்க" என்றான். சபை சிரித்து ஓய வெகு நேரமானது. ராஜினாமா செய்கிறேன் என்று வீட்டுக்கு வந்தவனைச் சுபலட்சுமி மறித்தாள்.

"அவுகளுக்குக் காலி எடந்தான தெரியுது? காலி எடத்துக்கே கேளுங்க. மதுரையில கம்ப்யூட்டர் கம்பெனி ஒண்ணுகூட இல்ல, பாவப்பட்ட ஊரு, நீங்கதான் தொடங்கி வைக்கணும்னு சொல்லுங்க."

அவன் சொன்னான். அமைச்சர் அடிக்கல் நாட்ட அடுத்த மாதமே வந்தார். அவர் காருக்காகத் தார்ச்சாலை வந்தது. விழா விளக்குகளுக்காகத் துணை மின்நிலையம் வந்தது. அலங்காரப் பூந்தொட்டிகளுக்காகக் குடிநீர்க் குழாய் வந்தது. காவலாளி சரியான சமயத்தில் கண்ணாடிக் கதவைத் திறந்ததால் அமைச்சரின் மூக்கு தப்பியது. உள்ளே நுழைந்தவர் ஏசிக் காற்றில் நின்று கண்ணை மூடி, "என்ன குளுமை! இந்த மண்ணுக்கு இயற்கை கொடுத்த வரம்" என்றார். வரவேற்பறையில் சுபலட்சுமி தரைக்கல் பெயர்த்து வைத்திருந்த குழியில் அடிக்கல் நாட்டினார். இன்னும் பத்தாண்டில் இங்கே நூறு இளைஞர்களாவது வேலை பார்ப்பார்கள் என்று முழங்கினார். எண்ணூறு பேரும் நாற்காலியைத் திருப்பிக் கைதட்டினார்கள். எந்தத் திசையில் கும்பிடுவது என்று தெரியாமல் அமைச்சர் ஒரு சுற்றுச் சுற்றிக் கும்பிட்டார்.

அதன் பிறகு ஆண்டுதோறும் யாராவது ஒருவர் கல் நாட்ட வந்தார். ஒவ்வொரு கல்லோடும் ஏதாவது ஒரு வசதி வந்தது. ஊருக்குள் சிம்மக்கல்லில் கடைகளுக்கு மேல் நெருக்கியடித்துக்கொண்டிருந்த சின்ன நிறுவனங்களும் அங்கே வந்து கட்டடம் எழுப்பின. அருள்பாண்டிக்கு அது எப்போதும் பொட்டலாகவே இருந்தது. சாயங்காலம் சாலையோர வேப்பமரத்தடியில் பைக்கோடு நிற்பான். காற்றிலிருந்து மனைவி கைப்பையோடு இறங்கி வருவாள். இன்றைக்கு என்ன கட்டினார்கள் என்று கேட்பான். அவள் வீடு வரும்வரை சொல்வாள்.

அடுத்த தேர்தலில் அவன் தோற்றான். சுபலட்சுமியே எதிராளிக்குத்தான் ஓட்டுப் போட்டாள். முடிவு வந்தபோது அவன் வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். முதலில் வாசற்படி தெரிந்தது, பிறகு ஏழு மாடியும், அதற்குப் பின்னால் கண்ணெட்டும் தூரம் வரை அவன் பார்த்தேயிராத கட்டடங்களும் தெரிந்தன. வாசலில் சுபலட்சுமி மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றாள்.

"இது எப்பருந்து?" என்றான்.

"மூணு வருசமாச்சு. ஸ்கிரீன் பாக்கும்போது மட்டுந்தான்" என்றாள். "வெயில்ல நிக்காதீக, உள்ள வாங்க."

மதியச் சாப்பாட்டு நேரம். லிப்ட்டில் கூட்டம் நெரிந்தது. இருவரும் அடுத்த லிப்ட்டுக்குக் காத்திருந்தார்கள்.