இரண்டு வெர்னன்களும் ஒரு கடன் கோப்பும்

ஹோல்ட்கம்ப் வீட்டில் மூத்த பிள்ளைக்கு அப்பன் பெயரையே வைத்துவிடுவார்கள். பெயர் தேடுகிற சிரமம் மிச்சம். அப்பா வெர்னன் சீனியர், பிள்ளை வெர்னன் ஜூனியர். ஒஹையோவில் அவர்கள் இருந்த லைமா ஊரில் இந்த இருவரையும் குழப்பிக்கொள்ளாத அலுவலகமே கிடையாது. அப்பா மூக்குக்கண்ணாடி வாங்கிய பில் மகனுக்கு வரும். வண்டியை வேகமாக ஓட்டியதற்கு மகனுக்குப் போட்ட அபராதம் அப்பாவுக்குப் போகும். "கம்ப்யூட்டருக்கு நாம ரெண்டு பேரும் ஒரே ஆளுடா" என்று சீனியர் வயிறு குலுங்கச் சிரிப்பார். ஜூனியரும் கூடச் சேர்ந்து சிரிப்பான். நாற்பது வயது தாண்டியும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

அதனால்தான், கேட்டிருந்த வீட்டுக்கடன் கிடையாது என்று வங்கிக்கார அம்மாள் போனில் சொன்னபோதும் அவன் பதறவில்லை.

"உங்க பேர்ல ஒரு படகுக் கடன், ஒரு கிரெடிட் கார்டு. ரெண்டும் தவணை கட்டாம நிக்குது சார்."

"அது எங்கப்பாவோடது மேடம். அவர் சீனியர், நான் ஜூனியர். எப்பவும் நடக்குற கூத்துதான் இது."

"பேர்க் குழப்பம் இல்ல சார். பிறந்த தேதி உங்களுது. சோஷியல் செக்யூரிட்டி நம்பரும் உங்களுதுதான்."

அந்த நம்பரை அரசாங்கம் ஆளுக்கு ஒன்றுதான் கொடுக்கும், அதில் குழம்ப வழியில்லை. நன்றி சொல்லி போனை வைத்தான். அவன் ஹீட்டர் பழுதுபார்க்கிறவன். அக்டோபர் குளிரில் வேலைக்குப் பஞ்சமில்லை. மாலைவரை வேலை செய்தான், மத்தியானம் சாண்ட்விச்கூடத் தின்றான். அவன் நம்பரைக் கொடுத்து அப்பா கடனில் வாங்கிய அந்தப் படகில் கோடை முழுக்க அவனும்தான் மீன் பிடித்தான். "ரிட்டயர்மென்ட்டுக்கு எனக்கு நானே குடுத்துக்கிட்ட பரிசு" என்று சீனியர் அறிவித்த அன்று, பீர் கேனை உயர்த்தி முதலில் வாழ்த்தியதும் அவன்தான். இதையெல்லாம் நினைத்தால் கோபம் வர வேண்டும். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருந்தது. தொட்டால் தெரிகிறது, வலிக்கவில்லை.

அவன் படாத வலியையும் சேர்த்து அவன் மனைவி டாரா பட்டாள். பார்த்து வைத்திருந்த வீடு வேறு யாருக்கோ போய்விட்டது. "போலீஸ்ல சொல்லு" என்றாள். மாட்டேன் என்றான். அழுதாள். அழுது முடித்த கையோடு சமையலறை மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சரி, இனிமேலாவது உன் கடன் கோப்பை ஒழுங்கா அடைச்சு வைப்போம், அதைப் பார்க்காம எவனும் கடன் குடுக்க மாட்டான். ரெண்டு வழி இருக்கு வெர்ன். ஒண்ணு பூட்டு. போன்லயே விரலால தட்டினா பூட்டிக்கும், தட்டினா திறந்துக்கும். யாராச்சும் உன் கோப்பைத் தொட்டா உடனே போன் அடிக்கும். இன்னொண்ணு முடக்கம். சட்டப்படி இலவசம். உன் பேர்ல யாருக்கும் புதுக் கடன் குடுக்க மாட்டாங்க, ஆனா எவன் கேட்டான்னு நமக்குச் சேதி வராது."

"முடக்கம்."

"பூட்டு போடேன். அடுத்த தடவை உங்கப்பா கை வெச்சா அப்பவே பிடிச்சுரலாம்."

"பிடிச்சு என்ன செய்யப்போறேன்? எனக்குத் தெரியவே வேண்டாம் டாரா."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

"இல்ல" என்றான். அது நிஜம்.

அந்த நாட்டில் ஒவ்வொருவருடைய கடன் கோப்பும் மூன்று கம்பெனிகளிடம் தனித்தனியாக இருக்கும். மூன்றிலும் தனித்தனியாகத்தான் முடக்க வேண்டும். இரண்டு சுலபமாக முடிந்தன. மூன்றாவது கம்பெனியின் தளம், உங்களுக்கு இங்கே ஏற்கெனவே கணக்கு இருக்கிறது என்று சொல்லி அவனை உள்ளே விடவில்லை. போன் செய்தான். லைசென்ஸ் நகலை அனுப்பச் சொல்லிச் சரிபார்த்த பிறகு, அங்கே இருந்த பெண் நிதானமாகப் படித்தாள்.

"உங்க கோப்பு முடங்கித்தானே இருக்கு சார். ஜூலைல முடக்கியிருக்கீங்க. ஆகஸ்ட்ல ஒருநாள் திறந்தீங்க. மறுநாளே திரும்ப முடக்கிட்டீங்க."

"நான் முடக்கலையே."

"அப்ப யாரு சார்?"

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டு வண்டியை எடுத்தான்.

சீனியர் கராஜில் படகுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். மகன் கேட்டதும் கயிறு அவர் கையிலிருந்து நழுவியது. மறுக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும்.

"நான்தான்டா. படகு வாங்கினதுலேர்ந்து மனசு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இன்னொரு தரம் செஞ்சுருவேனோன்னு என் மேலயே பயம். அதான் என் கையை நானே கட்டிப்போட்டேன்."

"ஆகஸ்ட்ல ஏம்ப்பா அவுத்தீங்க?"

சீனியர் படகின் பின்பக்கத்தைப் பார்த்தார். "பழைய மோட்டார் மக்கர் பண்ணுச்சு. புதுசு ஒண்ணு தள்ளுபடில கிடைச்சுது. அதுக்கு ஒரு கார்டு வேண்டியிருந்துச்சு."

மோட்டாருக்காக. ஜூனியருக்குச் சிரிப்பு வந்திருக்கலாம், அழுகை வந்திருக்கலாம். இரண்டும் வரவில்லை.

"அவ்வளவு சுலபமாவா திறந்துச்சு?"

"கேள்வி கேப்பான். முதல் நாய் பேரு என்ன, எந்தத் தெருவுல வளர்ந்தே, அம்மா பொறந்த வீட்டுப் பேரு என்னன்னு. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதது என்னடா இருக்கு ஜூனியர்?" அதைச் சொல்லும்போது அந்த மனுஷனின் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது. அவராலேயே அதை மறைக்க முடியவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "அதை முடங்கினபடியே விட்டுரு. இனி தொட மாட்டேன். சத்தியமா" என்றார்.

ஜூனியர் நழுவின கயிற்றை எடுத்துக் கட்டி முடித்துக் கொடுத்தான். பாதியில் விட்டால் மழைத்தண்ணீர் இறங்கிவிடும். வீட்டுக்குத் திரும்பாமல் கராஜ் வாசலில் நின்ற தன் வண்டியில் உட்கார்ந்தே மறுபடி போன் செய்தான். அப்பா கண்ணாடி வழியே தெரிந்தார், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"பழைய பதிலையெல்லாம் அழிச்சுட்டேன் சார்" என்றாள் அந்தப் பெண். "இனி உங்க கோப்பைத் திறக்கணும்னா புதுப் பதில் சொல்லணும். கேள்வியை வாசிக்கிறேன், பிடிச்சதைச் சொல்லுங்க. முதல் கார் என்ன?"

அப்பா வாங்கித் தந்தது. "வேற."

"கல்யாணம் நடந்த ஊர்?"

அப்பா முதல் வரிசையில் இருந்தார். "வேற."

"சின்ன வயசுல எலும்பு முறிஞ்சிருந்தா, எந்த எலும்பு?"

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அப்பா. "வேற இருக்கா?"

"சின்ன வயசுல நீங்க யாரை மாதிரி வரணும்னு ஆசைப்பட்டீங்க?"

ஜூனியர் வண்டிக் கண்ணாடி வழியே பார்த்தான். அப்பா லேசாகக் கையசைத்தார்.

"அதையே வைங்க."

"பதில் சொல்லுங்க சார்."

"யாருமில்ல."

"'யாருமில்லை' அப்படின்னே எழுதிக்கவா?"

"ஆமா" என்றான். அப்போதுதான் வலித்தது.