நிறம் போன தண்ணீர்

மார்ச் ஏழாம் தேதி காலை, சாயப்பட்டறையின் பின்புற வாய்க்காலில் தண்ணீர் நிறமில்லாமல் ஓடியது.

ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். "மாஸ்டர், உங்க தங்கச்சி வாய்க்காலையே வெளுத்துட்டாங்க!" என்றான் ஒருவன். மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு கறுப்புத் துணிகளில் எதில் நீலம் தூக்கல் என்று தள்ளி நின்றே சொல்லிவிடும் கண் அவருடையது. அந்தக் கண்ணுக்கே குறை தெரியவில்லை.

தங்கை கொண்டுவந்து பொருத்திய பிளாஸ்மா கருவியின் வேலை அது. கண்ணாடிக் குழாய்க்குள் மின்முனைகளுக்கு நடுவே ஊதா நிறத்தில் குட்டி மின்னல் நெளியும். தொட்டிக் கழிவுநீர் அதனடியில் சுற்றிச் சுற்றி வர, சாயம் சிதையும். மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் சோதனையில் இந்த முறை தேறாவிட்டால் பட்டறைக்குப் பூட்டு, இரண்டாம் வாய்ப்பு கிடையாது என்று சொல்லியிருந்தார்கள். அண்ணன் பாதி ஆயுளைப் போட்ட இடம் என்பதால்தான் அவள் தான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் அடம்பிடித்துக் கருவியை வாங்கி வந்தாள்.

அதிகாரிகள் வந்து வாய்க்கால் தண்ணீரில் மாதிரி எடுத்துப் போனார்கள். முடிவு வந்தது. நிறம் இல்லை, ஆனால் அதில் விட்ட மீன்குஞ்சுகளில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் இதே சாயம், இதே கருவி. அங்கே மீன்கள் நீந்தின. அண்ணன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அவள் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் டீயை நீட்டினார். "விடு பாப்பா. அந்த மெஷினும் பாவம், உழைச்சுது. நான்கூட அன்னிக்குக் கொஞ்சம் ஓய்வு குடுத்தேன்."

"என்ன ஓய்வு?"

"நீ அதிகாரிங்களைக் கூட்டிட்டு வரப் போனேல்ல, அப்பவே தண்ணி பளிங்காயிடுச்சு. முனை தேயுது, மாத்த வேற இல்லைன்னு நீதானே புலம்புனே? அவங்க முன்னாடி எரிஞ்சுபோய் உனக்கு அவமானமாயிடக் கூடாதுன்னு அணைச்சுட்டுத் தண்ணியைத் திறந்துவிட்டேன்."

முதலில் உடைவது நிறம்தான். உடைந்த துண்டுகளுக்கு நிறமில்லை, நஞ்சு உண்டு. அவை அழிய மின்னல் இன்னும் வெகுநேரம் எரிய வேண்டும். அதை அவள் அவரிடம் சொன்னதே இல்லை. 'நான் வர்ற வரைக்கும் ஓடட்டும்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"ஏன், அணைச்சது தப்பா?" அண்ணன் குரல் இறங்கியது.

"சேச்சே. என் கணக்குதாண்ணா தப்பு."

"அவ்வளவுதானே! மீனுக்கு நீச்சல் தெரியலைன்னு சொல்லிடு." அவரே சிரித்தார். அவளும் சிரித்தாள். டம்ளரைக் கழுவப்போகிறவள்போல எழுந்து, குழாயைத் திறந்துவிட்டு, முதுகைக் காட்டி நின்றாள். டீயை இன்னும் குடிக்கவில்லை.

தவறு தன்னுடையது என்றே ஆய்வுக்கூடத்திலும் சொன்னாள். கருவியைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். மாத இறுதியில் பட்டறை மூடப்பட்டது. அண்ணன் ஒரு துணிக்கடையில் சேர்ந்தார். ரவிக்கைத் துணிக்கு நிறம் பொருத்திக் கொடுப்பது அவர் வேலை.