டேஷ்போர்டுப் பூட்டு

பென்சில்வேனியாவின் கடைசி பெட்ரோல் பங்கில் வெர்னா பிக்கப்பை ஓரங்கட்டினாள். இடுப்பிலிருந்த கைத்துப்பாக்கியை உருவி, குண்டுகளைக் கழற்றினாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் நியூஜெர்சி. அவள் உரிமம் அங்கே செல்லாது. இடுப்பில் வைத்துக்கொண்டு மாட்டினால் ஜெயில்தான். வெர்மான்ட்டில் கிடைத்திருக்கும் வெல்டர் வேலையும் போய்விடும்.

"டேஷ்போர்டுல வச்சுப் பூட்டுக்கா," என்றான் சித்தப்பா மகன் டாயில், சிப்ஸை மென்றபடி.

"அந்தப் பூட்டு செல்லாதுடா. சட்டத்துலயே தனியா எழுதி வச்சிருக்கான்."

"நம்ம ஊரே அங்கதான வைக்குது?"

"வைக்கும். ஜெயிலுக்கு ஊரா கூட வரும்?"

பின்தட்டில் இருந்த வெல்டிங் சாமான் பெட்டியில் துப்பாக்கியையும் குண்டுகளையும் போட்டுப் பூட்டினாள்.

"பேசாம வீட்லயே விட்டுட்டு வந்திருக்கலாம்."

"என் தாடைய ஒடச்ச புருஷன் வீட்லயா கெடந்தான்? நான் வீடு மாத்துன எடத்துக்கெல்லாம் தேடி வந்தான்ல உன் மச்சான்!"

டாயில் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டான்.

நியூஜெர்சியில் பாதி தூரம்கூடப் போகவில்லை. பின்விளக்கு எரியவில்லை என்று ஒரு போலீஸ்காரர் மடக்கினார்.

"வண்டிப் பேப்பரக் காட்டுங்க."

டாயில் டேஷ்போர்டைத் திறந்தான். போலீஸ்காரரின் கண்ணும் கூடவே உள்ளே போனது. கெட்சப் பாக்கெட்டுகள், அடியில் பேப்பர். அவ்வளவுதான். துப்பாக்கி இதற்குள் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று டாயிலுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஆயுதம் ஏதாவது இருக்கா?"

"இருக்கு," என்றாள் வெர்னா. டாயில் முழங்கையால் இடித்ததை அவள் கண்டுகொள்ளவில்லை. "காலித் துப்பாக்கி. பின்னாடி பெட்டில பூட்டியிருக்கு. கெளம்புன எடத்துலயும் வச்சுக்கலாம், போற எடத்துலயும் வச்சுக்கலாம். நடுவுலதான் உங்க ஊரு. இப்படிப் பூட்டிக் கடந்து போகலாம்னு நாட்டுச் சட்டமே சொல்லுது."

"பெட்டியத் தெறங்க."

"மாட்டேன் சார். தெறக்க நான் சம்மதிக்கல. ஜட்ஜ்கிட்ட உத்தரவு வாங்கிட்டு வாங்க, இங்கயே உக்காந்திருக்கேன்."

அவர் அவளையே முறைத்தார். தன் வண்டிக்குப் போய் வாக்கிடாக்கியில் யாரிடமோ வெகுநேரம் பேசினார். திரும்பி வந்து பேப்பரை நீட்டினார்.

"வழியில எங்கயும் தங்காம நேராப் போங்க."

"பல்பு வாங்க நிக்கலாமா?"

"வாங்கி மாட்டிட்டுப் போங்கம்மா!"

பல்பு மாட்டியதோடு சரி. "அக்கா, ஒண்ணுக்கு வருது," என்று டாயில் முனகியதற்குக்கூட, "அடக்குடா," என்றாள். நியூயார்க்கைத் தாண்டி வெர்மான்ட் பலகையைப் பார்த்த பிறகே வண்டி நின்றது. டாயில் புதரைப் பார்த்து ஓடினான். வெர்னா பெட்டியைத் திறந்து, குண்டுகளை ஏற்றி, துப்பாக்கியைத் திரும்ப இடுப்பில் செருகினாள்.